பம்பாய் அறையின் விலைக்கு ஒரு தோட்ட வீடு

ஓய்வு பெற்றவர்களுக்கு வீடு விற்கும் நம் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்க்க வந்தால் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "எப்படிப் பேசினா சார் கஸ்டமர் மசிவாங்க?" நான் பேசியே விற்றவன் என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். பொய்யில்லை. தொண்ணூறுகளில் காரமடைக்குப் பக்கத்தில் எங்கள் கம்பெனி கட்டிய ஓய்வுகாலக் குடியிருப்பில் பெரும்பாலான வீடுகள் என் வாயால் விற்றவைதான். அவற்றில் ஒரு வீட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்கிறேன். அதை விற்ற சாமர்த்தியத்தை விட்டுவிடுங்கள். விற்ற பிறகு நடந்ததைக் கேளுங்கள்.

அன்றைக்கு நம் சரக்கே விலை வித்தியாசம்தான். பம்பாயிலோ டெல்லியிலோ ஆயுள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர்களுக்கு அங்கே கையில் இருந்தது ஓர் அறை, அதிகம் போனால் இரண்டு. வயதானவர்களுக்கென்று கட்டிய வீடு அங்கே தேடினாலும் கிடைக்காது. மெட்ராஸில் தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்து நிற்க வேண்டும். கோபிசெட்டிபாளையம் பக்கம் நிலம் இன்னும் மலிவு, ஆனால் நெஞ்சு வலித்தால் ஓடுவதற்குப் பெரிய ஆஸ்பத்திரி கிடையாது. கோயமுத்தூரில் எல்லாம் இருந்தது. மலைக்காற்று, பவானித் தண்ணீர், ஆஸ்பத்திரி, ரயில். நான் சொல்லும் வாசகம் இதுதான்: "பம்பாயில ஒரு ரூமை வித்தா இங்க தோட்டத்தோட வீடு. மிச்சத்தை பேங்க்ல போட்டா வட்டியில சாப்பாடு." கேட்கிறவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். ஆயுளில் முதல் தடவையாகத் தான் பணக்காரன் என்று அவருக்குத் தோன்றும் கணம் அது.

எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவர்கூட அங்கே வீடு வாங்கவில்லை. அந்த நிலத்தை எங்களுக்கு விற்ற விவசாயி ஒருநாள் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, கொழந்தைச் சத்தமே இல்லாம ஒரு ஊருங்களா?" நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

சாமிநாதன் பம்பாய்த் துறைமுகத்தில் கிரேன் பிரிவில் போர்மேனாக இருந்தவர். குரல் கணீரென்று இருக்கும். மனைவி கோமதி. செம்பூரில் பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் அவர்களுக்கு ஓர் அறை. பிள்ளைகள் இல்லை. வீடு பார்க்க வந்தபோது அவர் கேட்காத கேள்வி இல்லை. சிமென்டைச் சுரண்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து மூடினார், மாமரம் வைக்க இடம் குறித்துக்கொண்டார். அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "இங்கேர்ந்து கடைத்தெருவுக்கு எவ்வளவு தூரம்?" என்றார். "நாங்களே வேன் விடறோங்கம்மா, வாரம் ஒருதரம்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த இடத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜோடியாக வருகிறவர்களில் நிறையக் கேள்வி கேட்கிறவரிடம் பேசுவது சுலபம். பேசாமல் கூடவே நடந்து வருகிற ஆளிடம்தான் நீங்கள் பேச வேண்டும். அது நமக்குத் தெரியாமல் இல்லை. விற்பனை கெட்டுவிடும் என்றுதான் பேசாமல் விடுகிறோம்.

அறையை விற்றுவிட்டு வந்து குடியேறினார்கள். சாமிநாதனுக்கு அந்த வீடு ஒரு பதவி மாதிரி ஆயிற்று. ரோஜாப் பதியன், கொய்யா, பின்பக்கம் கீரைப்பாத்தி. வாசலில் நின்று போட்டோ எடுத்துத் துறைமுகத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினார். "பங்களா" என்றுதான் சொல்வார். அவரைவிட நல்ல விளம்பரம் எங்களுக்குக் கிடைக்காது என்று முதலாளிக்குப் புரிந்துவிட்டது. வீடு பார்க்க யார் வந்தாலும் முதலில் சாமிநாதன் வீட்டுக்கு அழைத்துப் போவோம். அவர் சுற்றிக் காட்டுவார். அந்த அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

பம்பாயில் கோமதியம்மா அந்தக் கட்டடம் முழுக்க இருந்த பெண்களுக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுத்தவர். இங்கேயும் அக்கம்பக்கத்து வீடுகளில் போய்க் கேட்டிருக்கிறார். சாமிநாதனுக்கு அது தெரிந்ததும் பெரிய அவமானமாகிவிட்டது. "பங்களாவுல இருந்துக்கிட்டு ஃபால்ஸ் தைப்பியா? ஊர் என்ன சொல்லும்?" என்று கத்தியது என் ஆபீஸ் வரை கேட்டது. எந்த ஊர் என்று எனக்குத் தோன்றியது. மூன்று பக்கம் சோளக்காடு, ஒரு பக்கம் ரோடு. அதற்குப் பிறகு அந்த அம்மா மாலையில் கேட்டுக்கு வெளியே வந்து, போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருக்கிறேன். ஏதோ காற்று வாங்குகிறார் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது.

ஒருநாள் காலை நான் ஆபீஸைத் திறக்கும்போதே சாமிநாதன் வந்து நின்றார். சட்டைப் பட்டன் மாறிப் போட்டிருந்தது.

"மானேஜர், கோமதியைக் காணோம்."

வாட்ச்மேனைக் கூப்பிட்டேன். அவர் உள்ளூர்க்காரர். "அந்தம்மா விடியக்காலமே பையத் தூக்கிட்டு பஸ்ஸுக்குப் போனாங்களே. எங்கீங்கம்மான்னு கேட்டேன். ஊருக்குன்னாங்க. எந்த ஊருன்னு நான் கேக்கலீங்க."

எந்த ஊர் என்று எங்கள் இருவருக்கும் கேட்காமலே தெரிந்தது. பம்பாய் வண்டி கோயமுத்தூரிலிருந்து கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. ஜீப்பை எடுத்தால் பிடித்துவிடலாம். ஆனால் அன்றைக்கு டெல்லியிலிருந்து ஒரு கூட்டம் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. மத்திய அரசு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு வேன் கிளம்பியும் விட்டது. முதலாளிக்குப் போன் போட்டேன்.

"அது புருசன் பொண்டாட்டி சமாச்சாரம், அதுக்கெல்லாம் நாம போய் நிக்க முடியுமா?" என்றார். "டெல்லி பார்ட்டி வாரப்ப நீ அங்க இல்லீன்னா எப்படி? பேசி அனுப்பிப்போட்டு அப்புறம் போய்க்க."

நான் சாமிநாதனைப் பார்த்தேன். அவர், "வாங்க போகலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதலாளி பேச்சை மீறிக் கிளம்பியிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது வேறு.

"பிளாட்பாரத்துல நின்னு பொண்டாட்டியைக் கெஞ்சறதா? நாலு பேர் பார்ப்பாங்க. போகட்டும், ரெண்டு நாள்ல வந்துடுவா. மானேஜர், இது இங்க யாருக்கும் தெரிய வேண்டாம்." பிறகு சட்டைப் பட்டனைச் சரியாகப் போட்டுக்கொண்டே கேட்டார்: "இன்னைக்கு ஆள் வர்றாங்கல்ல? நம்ம வீட்டுக்கே கூட்டிட்டு வாங்க. வராம விட்டாத்தான் சந்தேகம் வரும்."

நான் சரி என்றேன்.

வேன் வந்தது. வழக்கமான இடங்களைக் காட்டினேன், வழக்கமான வாசகங்களைச் சொன்னேன், கடைசியில் சாமிநாதன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். குளித்து, நெற்றியில் விபூதி இட்டு, வாசலிலேயே நின்று எல்லாரையும் வரவேற்றார். அன்றைக்கு அவர் பேசியதுபோல் என்றைக்கும் பேசியதில்லை. ரோஜாவைக் காட்டினார், காற்றைப் புகழ்ந்தார், பம்பாய் லோக்கல் ரயிலில் பட்ட பாட்டைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். அதற்குள் பால் தீய்ந்த வாடை வந்தது. உள்ளே ஓடினார்.

வந்தவர்களில் ராஜலட்சுமி என்று ஓர் அம்மா. கணவர் தோட்டத்தில் முதலாளிபோல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாத்த, இந்த அம்மா சாமிநாதனுக்கு உதவலாம் என்று சமையலறை வாசலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். சாமிநாதன் காபித்தூளைத் தேடி ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்ல எங்கே?" என்று கேட்டார் ராஜலட்சுமியம்மா.

"காரமடைக் கோயிலுக்குப் போயிருக்கா. இங்க வந்தப்புறம் கோயில், பூஜைன்னு ஒரே பக்தி."

"அவங்களுக்கு இந்த இடம் பிடிச்சிருக்கா?"

சாமிநாதன் கையில் திறந்த டப்பாவோடு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில், நீ சொல்லிவிடு என்றும் இருந்தது, சொல்லிவிடாதே என்றும் இருந்தது. நான் தீய்ந்த பால் பாத்திரத்தைப் பார்த்தேன். அவரே சொன்னார்: "ரொம்பப் பிடிச்சிருக்கு. பம்பாய்ப் பேச்சையே எடுக்கறதில்லை."

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. தொழில் புத்தி சும்மா இருக்குமா? "அவங்க இருந்திருந்தா உங்களை லேசுல விடமாட்டாங்கம்மா, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்பாங்க" என்று நானும் என் பங்குக்கு ஒன்று சேர்த்துவிட்டேன்.

அந்த நேரத்தில் கோமதியம்மா எங்கள் குடியிருப்பிலிருந்து தப்பித்து, ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ராஜலட்சுமியம்மாவின் கணவர் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தார். முதலாளி என் முதுகில் தட்டினார்.

நெருக்கடியில் எடுக்கும் முடிவைப் பற்றி உங்களுக்கு எத்தனையோ பேர் பாடம் எடுப்பார்கள். எனக்குத் தெரிந்தது இதுதான்: அந்த நேரத்தில் யாரும் கெட்ட முடிவு எடுக்கிறோம் என்று நினைத்து எடுப்பதில்லை. ஒருத்தருடைய மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நான் நினைத்தேன். ஜீப்பை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். கோமதியம்மாவைத் திருப்பிக் கூட்டிவரவேண்டும் என்றில்லை. ரயில் ஜன்னலுக்கு வெளியே, அவருக்குத் தெரிந்த ஒரு முகமாவது நின்றிருக்கலாம்.

ரெண்டு நாளில் வருவார் என்றார் சாமிநாதன். வாரங்கள் போயின. கோமதியம்மா செம்பூரில் பழைய அடுத்த வீட்டுக்காரர்களோடு இருப்பதாக மட்டும் போனில் தகவல் வந்தது. சாமிநாதன் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார். எதிரே வந்தால் செடியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வார். பக்கத்து வீட்டார் கேட்டால் தங்கை வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். கோமதியம்மாவுக்குத் தங்கை கிடையாது.

பிறகு கம்பெனி என்னைப் பம்பாய்க்கு அனுப்பியது. மாட்டுங்காவில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து, படங்களை மாட்டி வைத்து, அங்கேயே புக்கிங் எடுக்கும் வேலை. இரண்டாம் நாள் மாலை செம்பூருக்குப் போனேன். அந்தக் கட்டடத்தின் படியில் ஏறும்போதே எண்ணெய் வாசனையும் ரேடியோவும் குழந்தைகளின் கூச்சலும். ஒவ்வொரு கதவும் திறந்து கிடந்தது. கோமதியம்மா வெளியே வந்து என்னை அந்த நடையிலேயே நிற்க வைத்துப் பேசினார். உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட அவருக்கு உரிமை இல்லை என்பது சற்று நேரத்தில் புரிந்தது.

"முதல் மாசம் தலைல தூக்கி வச்சிக்கிட்டாங்க," என்றார் தாழ்ந்த குரலில். "இப்ப நான் குளிக்கப் போனா இந்த வீட்டு மருமக பக்கெட்டைச் சத்தம் வர்ற மாதிரி வைக்கறா. அவ மேல தப்பில்லை. இருக்கறது ஒரு ரூம். எதிரே பாருங்க, அது எங்க ரூம். வேற யாரோ இருக்காங்க. இப்ப அதை விலைக்குக் கேட்டா எங்க பங்களாவை மூணு தடவை வித்தாலும் வாங்க முடியாதாம்."

"அப்ப வந்துடுங்கம்மா. அங்க என்ன குறைங்க?"

"குறை ஒண்ணும் இல்லை," என்றார். "அதான் சொல்றேன். குறை ஒண்ணும் இல்லேன்னு யார்கிட்டப் போய் அழறது?"

எதிரே இருந்த அறைக் கதவைப் பார்த்தேன். அவரே மறுபடி, "நீங்க வீடு காட்டின அன்னைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். மறுநாள் மாட்டுங்கா ஹாலில் என் வாசகத்தைச் சொல்லும்போது நாக்கு குழறியது. சொல்லி முடித்தேன். இரண்டு வீடு போயிற்று.

ஊர் திரும்பியதும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அந்த அம்மாவுக்கு வேண்டியது பம்பாய் என்றில்லை. திறந்து கிடக்கும் கதவுகள் வேண்டும். அது கோயமுத்தூரிலேயே, எங்கள் குடியிருப்பை விட மலிவாக, பெரிய கடை வீதிக்குப் பின்னால் இருந்தது. எங்களுக்குக் கீலும் தாழ்ப்பாளும் சப்ளை செய்த இப்ராஹிம் பாய் அங்கே குடியிருந்தார். மாடிப் போர்ஷன் காலி என்று அவர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. போய்க் கேட்டேன்.

"வயசானவங்க மாடி ஏறுவாங்களாங்க?" என்று யோசித்தார். "சத்தம் வேற சாஸ்தி. கீழ எம்பட பேரப்பிள்ளைங்க, பக்கத்துல பாத்திரப் பட்டறை. காலைல பாங்கு சத்தம். உங்க ஆளுங்களுக்கு அமைதி வேணுமேங்க?"

"இவங்களுக்கு வேண்டாமுங்க," என்றேன்.

சாமிநாதன் சம்மதிக்கவில்லை. பங்களாவிலிருந்து மாடிப் போர்ஷனுக்கா, துறைமுகத்து ஆட்களுக்கு என்ன சொல்வது என்று இடிந்து உட்கார்ந்தார். நான் எழுதிய கடிதத்துக்கு, அங்கேயென்றால் வருகிறேன் என்று கோமதியம்மா பதில் போட்ட பிறகுதான் இறங்கி வந்தார். வீட்டைக் கம்பெனியிடம்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுவும் வாங்கின விலைக்குத்தான் என்பது எங்கள் ஒப்பந்தம். அவருக்காவது தளர்த்துங்கள் என்று முதலாளியிடம் போய் நின்றேன். "ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாரும் வரிசைல நிப்பாங்க" என்று முடித்துவிட்டார். அந்த வீட்டைப் பின்னால் நல்ல விலைக்கு விற்றோம். விற்றவன் நான்தான்.

கோமதியம்மா ரயிலில் வந்து நேராகப் போர்ஷனுக்கே போய்விட்டார். சாமிநாதனை நான் ஜீப்பில் கூட்டிப்போனேன். சந்துக்குள் வண்டி நுழையாது. நடந்து போய் வீட்டுக்கு எதிரே நின்றார், மேலே ஏறவில்லை. சைக்கிள்காரன் மணி அடித்தான், நகர்ந்து மறுபடி அங்கேயே நின்றார். மாடிக் கைப்பிடியில் கோமதியம்மா வந்து குனிந்து பார்த்தார். பல மாதம் கழித்துப் பார்க்கும் புருஷனிடம் என்ன சொல்வாரோ என்று நானும் அண்ணாந்து பார்த்தேன்.

"வெயில்ல என்ன நிக்கறீங்க? மேல வாங்க," என்றார்.

அவர் ஏறினார். கீழே இப்ராஹிம் பாயின் மருமகள் மூன்று புடவைகளைக் கையில் வைத்துக்கொண்டு, இவர்கள் பேசி முடிக்கட்டும் என்று படிக்கட்டில் காத்திருந்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை உங்களுக்கு நல்ல முடிவு என்று சொல்லியிருப்பேன். சில மாதம் கழித்து சாமிநாதன் என்னை வரச் சொன்னார். முன்பு இருந்த கணீர்க் குரல் இல்லை.

"அந்த டெல்லி அம்மா வீடு வாங்கினாங்கல்ல? குடி வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க சார்."

"என் வார்த்தையைக் கேட்டுத்தானே வாங்கினாங்க? நான் போய் உண்மையைச் சொல்லணும். தனியாப் போக வெக்கமா இருக்கு. நீங்களும் வாங்க."

போனோம். ராஜலட்சுமியம்மா எங்களை உட்கார வைத்தார். கணவர் பின்பக்கம் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சாமிநாதன் கையைப் பிசைந்தபடி எல்லாவற்றையும் சொன்னார், கோயில் என்று சொன்னது பொய், அன்று காலைதான் மனைவி போனாள், தனக்கு எல்லாம் தெரியும் என்று. "என்னால நீங்க ஏமாந்துட்டீங்கம்மா. மன்னிச்சுக்கணும்" என்று எழுந்து நின்று கும்பிட்டார். நானும் எழுந்து நின்றேன்.

"உக்காருங்க," என்றார் அந்த அம்மா. "எனக்கு அன்னைக்கே தெரியும். கோயிலுக்குப் போற பொம்பளை காபித்தூளை எடுத்து வச்சுட்டுத்தான் போவா. நீங்க ஒவ்வொரு டப்பாவாத் தேடினீங்க."

சாமிநாதன் தலை நிமிரவில்லை. நான்தான் கேட்டேன்: "தெரிஞ்சும் ஏம்மா வாங்கினீங்க?"

"டெல்லியில க்வார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இந்தக் காசுக்கு அங்க நிக்கக்கூட இடம் கிடைக்காது. இவர் முடிவு பண்ணிட்டார். நான் என்ன சொல்ல?"

பிறகு பின்பக்கக் கதவை ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "அந்தச் சந்துல இன்னொரு போர்ஷன் காலியானா சொல்லுங்க. இப்ப வேண்டாம். எப்பவாவது."

நான் பதில் சொல்வதற்குள் அவர் கணவர் ஈரக் கையில் ஒரு பப்பாளியை ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மானேஜர், பாருங்க. இந்த மாதிரி டெல்லியில கிடைக்குமா?"

"எங்கீங்க சார் கிடைக்கும்," என்றேன்.